மதினி, அனுமதி கொடுத்தது நான்தான்

என் பிரியமான மதினிக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷமாகிறது. நம் பள்ளி ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "அன்பும் பண்பும் நிறைந்த கணக்கு டீச்சர்" என்று ஆரம்பித்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். உங்களைப் புகழ எனக்கு என்ன யோக்கியதை? அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

போன வாரம் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது மதினி. ஒன்றே ஒன்று. ஓர் அறையை வெள்ளையடித்து, ஜன்னலுக்குத் திரை போட்டு வைத்திருக்கிறோம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறோம். நீங்கள் இருந்தால் சிரித்திருப்பீர்கள்.

அது வருவதற்கு முன்னாலேயே நீங்கள் அந்தப் பாடத்தை நடத்தினீர்களே. "கம்ப்யூட்டர் எப்ப வேணா வரட்டும் சாரதா. அதுகிட்ட ஒரு வேலைய எப்படிச் சொல்றதுன்னு பிள்ளைக இப்பவே பழகலாம்ல?" என்று கேட்டீர்கள். தலைமையாசிரியை விடுப்பில் இருந்தார், பொறுப்பு என்னிடம். "நடத்துங்க மதினி, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

மறுநாள் ஏழாம் வகுப்பில் நீங்களே மெஷினாக நின்றீர்கள். மேஜைமேல் ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு டம்ளர். "நீங்க சொல்றத மட்டுந்தான் செய்வேன். நானா எதையும் யோசிக்க மாட்டேன்" என்றீர்கள். "தண்ணி ஊத்துங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி. எதில் என்று அவள் சொல்லவில்லை. நீங்கள் மேஜைமேலேயே ஊற்றினீர்கள். வருகைப் பதிவேடு நனைந்தது. வகுப்பே எழுந்து நின்று, "டம்ளருக்கு மேல கொண்டு போங்க! லேசாச் சாய்ங்க! போதும், நிறுத்துங்க!" என்று கத்தியது.

அந்த நேரம் பார்த்து ஆய்வுக்கு வந்த அதிகாரி உள்ளே நுழைந்தார். பின்னால் நான்.

"இதென்ன கூத்து? யாரு பெர்மிஷன் குடுத்தது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்குத் தெரியாது சார்."

நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். பிறகு அவரிடம், "நானாத்தான் செஞ்சேன் சார்" என்றீர்கள். ஏன் அப்படிச் சொன்னீர்கள்? அங்கேயே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கக் கூடாதா?

மெமோ வந்தது. அப்புறம் கொட்டாம்பட்டிக்கு மாறுதல். சிம்மக்கல்லில் நாம் ஒரே வீட்டில்தான் இருந்தோம். விடிந்ததும் நீங்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவீர்கள். நான் சாவகாசமாக நடந்து பள்ளிக்குப் போவேன். ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கையில் மெல்லப் பேச்செடுத்தேன். "விடு சாரதா. உனக்கு பிரமோஷன் வார நேரம். நீ வேற என்ன சொல்லுவ?" என்றீர்கள். ஒரு வார்த்தை வைதிருக்கலாம் மதினி.

உங்களைக் கொண்டுபோன மஞ்சள் காமாலைக்கு பஸ் அலைச்சல் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது நான் தலைமையாசிரியை. கம்ப்யூட்டர் பயிற்சி கொடுக்க வந்த தம்பி எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து, "ஒவ்வொரு படியா, ஒண்ணையும் விடாமச் சொல்லணும் மேடம். இத மெஷின் இல்லாமயே பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம். இங்க யாராச்சும் செஞ்சு பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். உங்கள் பெயர் என் தொண்டை வரை வந்தது. சொன்னால், அப்புறம் என்ன நடந்தது என்று கேட்பார்களே. குனிந்து நோட்டில் ஏதோ எழுதுவதுபோல இருந்துவிட்டேன். இரண்டாவது தடவை.

அண்ணன் இன்னமும் அந்த அதிகாரியைத்தான் வைதுகொண்டிருக்கிறார். "என் பொண்டாட்டிய பஸ்ஸுலயே அலையவிட்டானே, பாவி" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்கிறார். நான் சோறு போட்டுக்கொண்டே தலையாட்டுகிறேன்.

இனி ஆட்ட மாட்டேன் மதினி. இது அச்சுக்குப் போவதற்குள், வருகிற ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் எதிரில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டுவேன். அவர் என் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்றாலும் இதில் ஒரு வரியையும் அடிக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களைத் தனியே நிற்கவிட்ட நாத்தனார்,
சாரதா