தேவனின் இடக்கை வில்

ஒக்டோபர் 14, செவ்வாய்

தூறல். டிராம் பிந்தியது. கழகத்தின் இரவல் வில்லை மாத முடிவில் திருப்பித் தர வேண்டும் என்று பயிற்சியாளர் மறுபடி சொன்னார். ஹனோவரில் யாரோடும் கதைக்காமல் இரண்டு மணி நேரம் நிற்கக்கூடிய ஒரே இடம் அந்த அம்பெய்யும் மைதானம். சொந்த வில் இல்லாவிட்டால் அதுவும் போச்சு. புதியதன் விலை கட்டாது. இடக்கைக்காரனுக்குப் பாவித்த வில் கிடைப்பதோ அருமை.

இணையத்தில் ஒரு விளம்பரம். கொம்பவுண்ட் வில், இடக்கை, இரு நுனியிலும் நாண் சுற்றும் சில்லு, "ஒரு கீறலும் இல்லை". படத்தில் பின்சுவரில் முருகன் கலண்டர். விற்பவர் பெயர் பார்த்தேன். தேவன்!

தமிழ்ப் பள்ளிக் கூட்டத்தில் எழுந்து, "மாஸ்டர் பிள்ளையளின்ர கொப்பியில பிழை மட்டும்தான் பாக்கிறார், ஒரு நாளும் நல்லது எண்டு எழுதினதில்லை" என்றவன். அடுத்த சனியிலிருந்து எனக்கு வகுப்பில்லை. எட்டு வருடம். மறக்கவில்லை.

அவனும் இடக்கையாம். அதுகூட எரிச்சல்.

ஒக்டோபர் 16, வியாழன்

குளிர். அழைத்தேன். ஏன் விற்கிறாய் என்றதற்கு, "தோள் ஏலாது மாஸ்டர், டொக்டர் மறிச்சுப்போட்டார்." ஆயத்தமாக வைத்திருந்த பதில். "உங்களுக்கெண்டால் விளம்பரத்தை எடுத்துவிடுறன். சனிக்கிழமை வாங்கோ." இவ்வளவு மரியாதை எதற்கு?

மனைவி: "வில்லைப் பாக்கப் போறியளோ, தேவன்ர பிழையைப் பாக்கப் போறியளோ?"

பார்க்க வேண்டியவை:
– வளையும் தகடுகளில் மெல்லிய வெடிப்பு. பஞ்சால் தடவினால் இழை மாட்டும்.
– நாண் நைந்திருக்கிறதா.
– அம்பில்லாமல் யாராவது இழுத்து விட்டார்களா. அம்புக்குப் போக வேண்டிய விசை தகட்டில் இறங்கி வெடிக்கும். நேரே கேட்கக் கூடாது. பொய் சொல்லுவான்.

ஒக்டோபர் 18, சனி

வெயில். நம்ப முடியாத வெயில். எஸ்-பான் ரயிலில் அரை மணி நேரம். தேவன் வீட்டு வரவேற்பறை. வில்லின் மேல் தகட்டில் காய்ந்த சந்தனப் பொட்டு.

"இதென்ன?"

"வாணி விழாவுக்குப் புத்தகங்களோட வைச்சனாங்கள் மாஸ்டர். ஆயுதம்தானே."

சரியாக வெடிப்பு வரும் இடத்தில் பக்தி. நகத்தால் சுரண்டினேன். அடியில் ஒன்றுமில்லை. பஞ்சு கேட்டேன். அவன் மனைவி சாமித் தட்டிலிருந்து விளக்குத் திரிப் பஞ்சு கொண்டுவந்தாள். மேல் தகடு, கீழ்த் தகடு, இரு பக்கமும். வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இங்கே மட்டும் எழுதலாம்.

அவர்கள் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார்கள். இழுவை ஐம்பது இறாத்தல் என்று சொல்லியிருந்தான். கூட இருக்கும், மறைக்கிறான் என்று பட்டது. விரலால் இழுத்தேன். முழுதாக வந்தது. மெல்லத் திரும்ப விடும்போது சில்லு சுழன்று பாரம் ஒரேயடியாக ஏறியது. விரல் நழுவியது.

துவக்கு வெடித்த மாதிரிச் சத்தம்.

"என்ன மாஸ்டர் விழுந்தது?" குசினியிலிருந்து.

"ஒண்டுமில்லை. கதிரை."

பஞ்சு மேசையில். எடுத்துத் தடவினேன். மேல் தகட்டில், பொட்டிருந்த இடத்துக்கு இரண்டு விரல் கீழே, இழை மாட்டி நின்றது.

தேத்தண்ணி வந்தது. காட்டினேன். "வெடிப்பு இருக்கு, தேவன்."

கண்ணாடி போட்டுப் பார்த்தான். முகம் சிறுத்துப்போனது. "என்ர கண்ணில படவேயில்லையே மாஸ்டர்."

தேத்தண்ணியில் சீனி கூட. முழுதும் குடித்தேன்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

காற்று. மைதானம் போகவில்லை. விரலில் சிவந்த கோடு.

மனைவி: "என்ன விரலில?"

"சட்டி சுட்டது."

"நீங்கள் எப்ப சட்டி தொட்டனீங்கள்?"

வெடிப்பு முன்பே உள்ளே இருந்திருக்கலாம். பஞ்சு எல்லாவற்றையும் காட்டாது.

முதல் தடவை வழுக்கியது. இரண்டாம் தடவை மாட்டியது.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. வேலைக்குப் போனேன். மாலையில் தேவன் அழைத்தான். வாழ்த்து. பிறகு:

"வில்லை இரும்பு அறுக்கிற வாளால அரிஞ்சு குப்பையில போட்டிட்டன் மாஸ்டர். ஆராவது எடுத்து இழுத்தால் கண் போயிடும். நீங்கள் பிழை பாத்தபடியால் தப்பிச்சம்."

கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அண்டைக்குப் பள்ளிக்கூடத்தில நான் கதைச்சது சரியில்லை. நிர்வாகத்துக்கும் சொல்லிப்போட்டன். பெரிய வகுப்புக்குப் படிப்பிக்க ஆள் இல்லை. இந்தச் சனிக்கிழமை வருவியள்தானே?"

ஓம் என்றேன்.