ஆறு மணி நேரத்துக்கு ஒரு புள்ளி

மார்ச் 4, செவ்வாய்

வார்னா துறைமுகத்தில் மறுபடி ஈரப்பனி. முழங்கால் வலி. எங்கள் கண்காணிப்பில் முப்பத்தொரு கப்பல்கள், ஒவ்வொன்றும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை செயற்கைக்கோள் வழியே தன் இருப்பிடத்தைச் சொல்லும். என் திரையில் ஒரு புள்ளி. பத்தொன்பது வருடமாகப் புள்ளி பார்க்கிறேன். 'ரோசித்சா' மட்டும் ஒன்பது நாளாக நகரவில்லை. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் நிற்கிறது. மேல்வீட்டு நெவேனாவின் கணவன் ஸ்தாமென் அதில்தான் பொறியாளர்.

மார்ச் 6

படிக்கட்டில் நெவேனா பிடித்துக்கொண்டாள். "மாரியேத்தா அக்கா, ரெண்டு வாரமா போன் இல்ல. எங்க இருக்காருன்னு மட்டும் சொல்லுங்க."

அரசுக்கும் மீட்புப் படைக்கும் தவிர யாருக்கும் சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். "அது என் திரையில வராதும்மா" என்றேன். பொய்.

மார்ச் 7

அதே இடம்.

மார்ச் 10, திங்கள்

'ரோசித்சா'வின் மதியப் புள்ளி வரவில்லை. இங்கிருந்து நாமே கப்பலிலுள்ள கருவியிடம் இடம் கேட்கலாம். மூன்று முறை கேட்டேன் — பதில் இல்லை. 'கருவிப் பழுது' என்று கப்பல் கம்பெனியிலிருந்து கடிதம். மேலாளர் ரங்கேலொவ், "அதான் எழுதிக் குடுத்துட்டாங்களே, ஃபைலை மூடு. நீ என்ன கப்பல்காரன் பொண்டாட்டியா?" என்றார்.

மூடினேன்.

மின்சாரம் செத்தால்தானே அந்தக் கருவி சாகும்? அப்போ அடுப்பு? குடிதண்ணி? ஏன்டி மூடினே?

மார்ச் 11

திறந்தேன். கடைசி இடத்தை எழுதி, அந்தக் கரையின் மீட்பு நிலையத்துக்கு என் பெயரிலேயே அனுப்பினேன். ரங்கேலொவ் கத்தவில்லை. "ரிட்டயர் ஆக மூணு வருஷம்தானே இருக்கு உனக்கு. சும்மா இருந்திருக்கலாம்ல?"

இருந்திருக்கலாம்.

மார்ச் 14, வெள்ளி

நேற்று மதியம் மீட்புப் படகு போய்ச் சேர்ந்தது. முதலாளி கப்பலைக் கைவிட்டிருக்கிறார். எண்ணெய் தீர்ந்து, தார்ப்பாயில் மழைத்தண்ணீர் பிடித்துக் குடித்திருக்கிறார்கள். பதினைந்து பேரில் பதினாலு பேர் உயிரோடு. சமையல்காரர் லாச்செசார் புதன் மாலை காய்ச்சலில் போய்விட்டார்.

திங்களே அனுப்பியிருந்தா — வேண்டாம். தூங்கு.

மார்ச் 29

ஸ்தாமென் வந்துவிட்டான். பாதி ஆள். நெவேனா என்னைக் கடந்து போனாள். "உங்களாலதான் வந்தாராம். ஆனா அன்னிக்கே தெரிஞ்சிருக்குல்ல, அக்கா?" நிற்கவில்லை.

ஏப்ரல் 9

கீழ்த்தளத்துக்கு, மாலுமிச் சான்றிதழ் பிரிவுக்கு, மாற்றிவிட்டார்கள். இன்று வரிசையில் கறுப்பு உடையில் ஒரு பெண். கணவர் லாச்செசாரின் மாலுமிப் பதிவுப் புத்தகத்தை ஒப்படைக்க வந்திருந்தாள். ரத்து முத்திரை குத்தினேன்.

"எந்த எடத்துல போனாருன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்றாள். என்னைக் கேட்கவில்லை, சும்மா சொன்னாள்.

ஒரு தாளை எடுத்து, அட்சரேகை தீர்க்கரேகையோடு இடத்தை எழுதிக் கொடுத்தேன். பார்த்து எழுதவில்லை. மனப்பாடம்.