மாத்திரை ஆட்டமும் மாமன் மடியும்

ஜூன் 1, ஞாயிறு

கத்திரி முடிந்ததாகக் காலண்டர் சொல்கிறது. வெயிலுக்குத் தெரியவில்லை போல. என் உரக்கடைக்கு யூரியா லோடு வந்தது, மதியத்துக்குள் பாதி காலி.

மாலை முட்டுக்காட்டிலிருந்து தங்கை கோமதி போன். வருகிற ஞாயிறு பாப்பாவுக்குக் காது குத்தல். வருஷக்கணக்கில் காத்திருந்து பெற்ற பெண். கூடப்பிறந்த தாய்மாமன் நான் ஒருத்தன்தான், என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். ஆனால் கோமதி இழுத்தாள்.

"அண்ணா, எங்க அத்த இன்னா சொல்றாங்கன்னா... ஊசி வெக்கிறப்போ நீ ஆடிட்டீனா? சித்தப்பா பையன் முருகன் மடில வெச்சிக்கலாமாங்கிறாங்க. போன வாட்டி நீ வந்தப்போ குடிச்சிருந்தியான்னு வேற கேட்டாங்க."

குடியாம்! பார்க்கின்சன் நரம்பு நோய் வந்து ஏழு வருஷம், காபியைத் தவிர எதையும் தொட்டதில்லை. "என் மடிதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ராத்திரி வரை கடுப்பு.

ஜூன் 2, திங்கள்

கழுத்தும் தோளும் தானாக நெளிகின்றன. கடைக்கு வந்த ஒருத்தர்: "அண்ணாத்த, இன்னா பாட்டு கேட்டுகினு கீற? எனக்கும் கொஞ்சம் வையேன்." சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய.

மதியம் மீன் குழம்பு, சோறு இரண்டாம் தடவை. மேலே மாத்திரை. விறைப்பு விடவே இல்லை. இன்னொன்று போட்டேன். பிறகு ஆட்டம் வந்தது. நோய் முற்றுகிறதென்று அதற்கும் ஒரு அரை. மனைவி செல்விக்குத் தெரியாது. சாயங்காலம் உடம்பு நாற்காலியோடு மல்லுக்கட்டியது. இந்த லட்சணத்தில் பாப்பாவை எப்படி வைத்துக்கொள்வேன்? உள்ளுக்குள் பயம்தான்.

ஜூன் 4, புதன்

செல்வியோடு செங்கல்பட்டு. நரம்பு டாக்டரம்மா. நல்ல கூட்டம், மின்விசிறி ஒன்று வேலைநிறுத்தம்.

"விறைப்புதான் உங்க நோய். இந்த ஆட்டம் மாத்திரையால வர்றது" என்றார். தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறேன் இத்தனை நாள்!

அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது: என் மூளையில் டோபமைன் குறைவு, மாத்திரை அதைக் கொடுக்கிறது. ஆரம்பத்தில் மூளை கொஞ்சம் சேர்த்து வைத்து நிதானமாகச் செலவழித்தது. வருஷம் போகப் போக அந்தக் கிடங்கு சுருங்கிவிட்டது. இப்போது மாத்திரை ஏறினால் ஆட்டம், இறங்கினால் விறைப்பு. சின்ன வயதில் நோய் வந்தவர்களுக்கு ஆட்டம் அதிகமாக வருமாம். எனக்கு முப்பத்தேழில் வந்தது. டோஸ் கூடக்கூட ஆட்டமும் கூடும். மீன் மாதிரி புரதச் சாப்பாட்டோடு போட்டால் சிலருக்கு மாத்திரை வேலை செய்யத் தாமதமாகும். அவசரப்பட்டு இன்னொன்றைப் போட்டால் இரண்டும் ஒன்றாக ஏறி ஆட்டிவைக்கும்.

"நீங்களா சேத்துப் போட்டீங்களா?"

சொன்னேன். செல்வி பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா.

பஸ்ஸில் பிடித்துக்கொண்டாள். "கடைக்கு வர்ற ஆளுங்களுக்கெல்லாம் யூரியாவ அள்ளிப் போடாத, பயிர் சாஞ்சிடும்னு லெக்சர் குடுக்குறியே. உன் ஒடம்புக்கு இன்னா பண்ண நீ?" முன் சீட்டுக்காரர் திரும்பிச் சிரித்தார். என்னாலும் அடக்க முடியவில்லை.

இனி சின்ன டோஸ், அடிக்கடி. சாப்பாட்டுக்கு முன்னாலேயே. நானாக எதுவும் கூட்டக் கூடாது. டப்பா செல்வி கைப்பையில்.

ஜூன் 6, வெள்ளி

ஆட்டம் குறைந்திருக்கிறது. முழுக்கப் போகவில்லை. போகாமலும் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா.

கோமதி போன். என் மடியேதான், மாமியாரிடம் அடித்துச் சொல்லிவிட்டாளாம். ஆனாலும் முருகன் பட்டு வேட்டியோடு பக்கத்திலேயே நிற்பானாம். கிரிக்கெட்டா இது, மாற்று ஆட்டக்காரன் வைக்க? செல்வியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். வலிக்கவும் செய்தது.

பாப்பாவுக்குக் கம்மல், கவுன் வாங்கியாயிற்று.

ஜூன் 8, ஞாயிறு

முட்டுக்காடு கோயில். நல்ல கடல்காற்று. காது குத்தும் பத்தர் டிராபிக்கில் மாட்டிக்கொண்டார். அதற்குள் காலை மாத்திரை இறங்கி எனக்கு விறைக்க ஆரம்பித்தது. "ஒண்ணு சேத்துக் குடேன்" என்றேன். செல்வி முறைத்தாள். நேரம் வந்ததும் உரியதை மட்டும் கொடுத்தாள். அது வேலை செய்வதற்குள் பத்தர் வந்துவிட்டார், நல்ல நேரமும் முடியப் போகிறது. உட்கார வைத்துப் பாப்பாவை மடியில் கொடுத்தார்கள்.

உடம்பு கட்டை. முகம்கூட அசையவில்லை. கைகள் அவளை வளைத்தபடி அப்படியே இறுகிவிட்டன. பாப்பா வீறிட்டாள், உதைத்தாள். நான் ஆடினால்தானே!

பத்தர்: "நைனா, எத்தனையோ மாமன பாத்துட்டேன். இப்டி ஆடாம அசையாம குந்துனவன் நீ ஒர்த்தன்தான்."

ரெண்டு காதும் நிமிஷத்தில் முடிந்தது. பாப்பாவை எடுத்தபின் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. பட்டு வேட்டி முருகன்தான் தூக்கிவிட்டான். பாவம், அவனுக்கும் ஒரு வேலை.

சாப்பாட்டுக்கு உட்காரும்போது மாத்திரை ஏறியது. தோள், இடுப்பு எல்லாம் லேசாக ஆட்டம். எதிரே கோமதியின் மாமியார், இடுப்பில் பாப்பா. காது வலியில் அழுகை நிற்கவில்லை. அந்தம்மா என்னையே பார்த்தார். போச்சு, குடி என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். எழுந்து வந்தார்.

"நீ சும்மாவே தூளியாட்டம் ஆடிகினு கீற. இந்தா, தூங்க வை."

மடியில் போட்டுவிட்டு என் இலைக்குப் பாயசம் எடுக்கப் போனார்.