வெள்ளீயம் இல்லாத நாளின் கோடு

வரதராசன்பேட்டை,
12 அக்டோபர் 2025

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள அமலுக்கு ஷாலினி எழுதுகிறேன். நானும் பாப்பாவும் சுகம். உங்கள் அப்பாவுக்கு மூட்டு வலிதான் விடவில்லை. நேற்று பெய்த மழையில் முந்திரிக் கொல்லைக்குப் போகும் வழியெல்லாம் சேறு. தினமும் போனில் பேசுகிறவளுக்கு ஜெர்மனிக்குக் கடிதம் எதற்கு என்று தோன்றும். போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுகிறீர்கள், அதனால்தான்.

போன வாரம் மாமா என்னிடம், "எம் மவன் அங்க அப்புடி என்னத்தத்தான் தேடுறான்?" என்று கேட்டார். கனமான அணுவின் கருவில் நியூட்ரான் அதிகமாக இருந்தால், மிஞ்சியவை வெளியே தோல்போல் நிற்கும், உள்ளே இருப்பதற்கு எதிராக அது ஆடும், கரு முழுதும் ஆடும் பெரிய ஆட்டத்துக்குக் கீழே, குறைந்த ஆற்றலில் வரும் சின்ன ஆட்டம் அது என்று சொன்னேன். அந்தச் சின்ன ஆட்டமா மகனுக்கு நிரந்தர வேலை கொடுக்கப் போகிறது என்று அவருக்கு ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளீயத்தில் அந்தச் சின்ன ஆட்டத்தைக் கண்டதாக நீங்கள் பெருமையாக அனுப்பிய கட்டுரையின் வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக எடுத்து, பழைய வழக்கப்படி ஸ்கேல் வைத்து அளந்தேன். ஆட்டத்துக்குச் சாட்சியாக நீங்கள் காட்டும் மேட்டைத் தூக்கி நிறுத்துகிற உயரமான கோடுகள் மூன்று. 7.6, 7.1, 6.6 MeV. ஒவ்வொன்றுக்கும் நடுவே அதே இடைவெளி, 511 keV, அதாவது அரை MeV. டிடெக்டருக்குள் விழுந்த ஒரே கதிர், அந்த 511 அளவில் ஒரு பங்கு வெளியே தப்பினால் ஒரு படி கீழேயும், இரண்டு பங்கு தப்பினால் இரண்டு படி கீழேயும் கோடு போடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். ஒரு ஆளையும் அவன் இரண்டு நிழலையும் சேர்த்து மூன்று பேர் என்று எண்ணியிருக்கிறீர்கள். அந்த ஆளும் வெள்ளீயம் இல்லை என்றே நினைக்கிறேன். சுற்றியுள்ள இரும்பு நியூட்ரானை விழுங்கினால் விடுகிற கதிர் சரியாக அந்த இடத்தில்தான் வரும்.

முதல் முறை கேட்டபோது, வெள்ளீயத் தகட்டைக் கழற்றிவிட்டு அளந்து பார்க்க நேரமே கிடைக்கவில்லை என்றீர்கள். இரண்டாம் முறை கேட்டபோது, அளந்தோம், ஆனால் அந்த ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்றீர்கள். இல்லாத ஃபைல் எப்படிக் கெடும்? மூன்றாம் முறை, "நீ ஒம் பிளஸ் டூ பாடத்த நடத்து, இதப் போட்டுக் கொழப்பிக்காத" என்றீர்கள். ஆராய்ச்சியைப் பாதியில் விட்டவள்தான் நான். கண்ணை விட்டுவிட்டு வரவில்லை. அந்தப் பேச்சு எனக்கு ரொம்ப வலித்தது.

அதன் பிறகுதான் பாப்பாவின் போன பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய படத்தைத் தேடி எடுத்தேன். அறையில் உட்கார்ந்து கையை ஆட்டுகிறீர்கள். கீழே, "தகட்டக் கழட்டியாச்சு, இன்னைக்கி வெறும் கூடுதான், அப்பாவுக்கு வேல இல்ல" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தோளுக்குப் பின்னால் கணினித் திரை. பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளீயமே இல்லாத அன்றைக்கும் அந்தக் கோடு நெட்டுக்குத்தாக நிற்கிறது. பக்கத்தில் எண்ணும் தெரிகிறது, 7631 keV, அதே 7.6. இரும்புதான். அன்றே நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லை என்று நம்பத்தான் ஆசை. நம்ப முடியவில்லை.

சின்ன ஆட்டமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. மூன்றையும் எடுத்துவிட்டால் மேடு பாதியாகும், அவ்வளவுதான். பாதி மேட்டுக்கு அந்த வேலை கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். அந்த வேலை வந்தால்தான் எனக்கும் பாப்பாவுக்கும் விசா. பள்ளியில் அடுத்த வருடம் வரமாட்டேன் என்று சொல்லியாயிற்று. பாப்பா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். மூன்று வருடமாகத் தனியாக இருக்கிறேன் அமல், எனக்குப் பிடிக்கவே இல்லை. உங்களைவிட அந்த வேலைக்கு ஆசைப்பட்டவள் நான்தான். எனக்காகத்தான் இப்படிச் செய்தீர்களோ என்று நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. இப்போது நீங்கள் சாப்பிட்டேன் என்றால்கூட நிஜமாகவே சாப்பிட்டீர்களா என்று யோசிக்கிறேன். இப்படி ஒரு சந்தேகத்தோடு உங்கள் பக்கத்தில் வந்து நான் எப்படிக் குடித்தனம் நடத்துவேன்?

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, மாமாவிடமும்தான். நாளைக்கு அரியலூர் போய் இதை அஞ்சலில் சேர்க்கிறேன். உங்கள் கைக்கு வர இரண்டு வாரமாவது ஆகும். கட்டுரை பத்திரிகைக்குப் போவது மாதக் கடைசியில். அதுவரை போனில் இதைப் பற்றிக் கேட்க மாட்டேன். நீங்களாகவே உங்கள் பேராசிரியரிடம் சொல்ல அத்தனை நாள் இருக்கட்டும் என்றுதான் இப்படி. உறையின் பின்பக்கம், "அவரிடம் சொல்லியாயிற்று என்றால் பிரிக்க வேண்டாம், கிழித்துப் போடுங்கள்" என்று எழுதி ஒட்டப் போகிறேன்.

இந்த வரியைப் படிக்கிறீர்கள் என்றால் நீங்கள் இன்னும் சொல்லவில்லை. பரவாயில்லை. எழுந்து போய் இப்போதே சொல்லிவிடுங்கள். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கூடவே வருவாள். பிறகு எனக்குப் போன் பண்ணுங்கள். வேலை என்ன ஆயிற்று என்று கேட்கவே மாட்டேன்.

என்றும் உங்கள்,
ஷாலினி மேரி