முத்துமாரியின் இரண்டு போட்டோ

பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பதினெட்டு வயது ஆக்கிக் கொடுத்தவன் நீ. செத்துப்போன பிள்ளையை. இறந்தவனைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். அவளும் இறந்தவள்தான், அவளுக்காக யார் பேசுவது?

இன்று காலை உன் வீட்டுக்காரி நம் ஓவியக் கடைக்கு வந்தாள். ஸ்டூடியோ கவர் ஒன்றை மேசையில் வைத்தாள். "அண்ணே, இதுல எது நல்லாருக்குன்னு பாத்து அவுகள வரைஞ்சு குடுங்க. வீட்டுச் சுவத்துல ஒரு படங்கூட இல்ல. ஊரு படமெல்லாம் வரைஞ்ச மனுசன்" என்றாள். அவள் போன பிறகு கவரைப் பிரித்தேன். டர்பன்டைனும் பீடியும் கலந்த உன் வாடை வந்தது. உன் போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பரப்பினேன். கல்யாணத்தில் எடுத்தது, குற்றாலத்தில் எடுத்தது, ஓட்டுநர் உரிமத்துக்கு எடுத்தது. கடைசிப் போட்டோவின் முதுகில் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக உரித்தேன்.

முத்துமாரி. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற முத்துமாரி. வண்டியில் வரும்போது காற்றில் பறந்துவிட்டது என்று நீ சொன்ன அதே போட்டோ.

பிள்ளைகளை வரைவதற்குப் போட்டோ பொறுக்குவதில் உன்னை மிஞ்ச சிவகாசியில் ஆள் கிடையாது. அதை இப்போதும் சொல்கிறேன். பிளாஷ் அடித்த போட்டோவைத் தொடவே மாட்டாய். "நெழலே இல்லாத மூஞ்சி மூஞ்சியா மாப்ள, அது இட்லித் தட்டு" என்பாய். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற போட்டோவை ஒதுக்கிவிடுவாய். சிரிப்பு ஒரு நொடிக்குத்தான் அழகு, சுவரில் வருஷக்கணக்கில் சிரித்துக்கொண்டே இருந்தால் பார்க்கிறவனுக்குப் பயமாக இருக்கும் என்பாய். பெரியவர்கள் நின்றபடி மேலேயிருந்து எடுத்தது ஆகாது. எடுத்தவன் பிள்ளையின் கண் உயரத்துக்குக் குத்தவைத்திருக்க வேண்டும். வெயிலில் கண்ணைச் சுருக்கியிருக்கக் கூடாது. வாசலிலிருந்தோ ஜன்னலிலிருந்தோ வெளிச்சம் ஒரு பக்கமாக விழ வேண்டும். கிழவர்களுக்குச் சுருக்கம் இருக்கிறது, மீசை இருக்கிறது, எதையாவது பிடித்துக்கொண்டு வரைந்துவிடலாம். பிள்ளை முகத்தில் பிடிமானம் கிடையாது. "ஒரு கோடு கூடுனா ஒரு வயசு கூடிரும்" என்று எத்தனை முறை என் கையைத் தட்டிவிட்டிருக்கிறாய்.

பட்டாசுப் பெட்டி லேபிளுக்குக் கம்பி மத்தாப்பு பிடித்த பாப்பாவை வரைந்து வரைந்து பழகிய கை உனக்கு. கொழுகொழு கன்னம், வெள்ளைத் தோல். இந்தப் பக்கத்தில் எந்தத் தெருவிலும் நாம் பார்க்காத பிள்ளை. அந்தப் பெட்டிக்குள் வெடி அடுக்கிய பிள்ளைகளை யாரும் நம்மிடம் வரையச் சொன்னதில்லை. முத்துமாரிதான் முதல். அதுவும் அவள் செத்த பிறகு.

எம். புதுப்பட்டிக்கு நாம் போன அன்று அவள் வீட்டு வாசலில் சாம்பல் அள்ளின கூடை கிடந்தது. பட்டாசுக் கம்பெனியில் தீப்பிடித்த அறையில் வெடிக்குத் திரி வெட்டிக்கொண்டிருந்தவள். நமக்கு ஆர்டர் கொண்டுவந்த போர்மேனும் கூடவே வந்தான். "கம்பெனி செலவுல பெருசா படம் போட்டுத் தாரோம்ங்காக மொதலாளி" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னான். அவளுடைய அம்மா காளியம்மா மஞ்சப் பையை எடுத்துவந்து பாயில் கொட்டினாள். ரேஷன் கார்டு, கோயில் திருநீறு, இரண்டே இரண்டு போட்டோ.

ஒன்று சடங்குக்கு ஸ்டூடியோவில் எடுத்தது. பட்டுச் சேலை, நெத்திச்சுட்டி, முகம் முழுக்கப் பவுடர், புருவத்துக்கு மை.

"எங்க அண்ணன் சீர் கொண்டாந்த சேலை தம்பி. கட்டி விட்டா நிக்கவே மாட்டேங்குது. இடுப்புல ஒண்ணுமே இல்ல, எங்கன நிக்கும்? பின்னு பின்னா குத்தி நிப்பாட்டுனோம். 'யம்மா குத்துதும்மா'ன்னு அங்கனயே அழுதா" என்று காளியம்மா சொன்னாள். சொல்லும்போது சிரித்துவிட்டாள். சிரித்த வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

இன்னொன்று, பள்ளிக்கூடத்துக்கு வந்த யாரோ எடுத்துக் கொடுத்தது. இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். ஜன்னல் வெளிச்சம் இடது கன்னத்தில். வாய் லேசாகத் திறந்து, ஓரம் உடைந்த முன்பல் தெரிகிறது.

"இதுதேன் எம்புள்ள. ஆனைக்குட்டத்துல டேம் பாக்கப் போயி விழுந்து பல்ல ஒடச்சுக்கிட்டா. அதையும் வரைஞ்சிரணும் தம்பி. நாளைக்குப் பாத்தா அவதான்னு எனக்குத் தெரியணும்ல."

போர்மேன் சேலைப் போட்டோவை எடுத்து உன்னிடம் நீட்டினான். "இதுல நல்லா லட்சணமா இருக்கே."

"அது சடங்கு அன்னைக்கு எடுத்ததுய்யா. பெரிய மனுசியாகி நாலு மாசந்தேன் ஆகுது" என்றாள் காளியம்மா.

"பெரிய மனுசிதானத்தா? பெறகென்ன? பெரிய மனுசியாவே போட்ருவோம்."

அந்த வார்த்தையை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். வயதுக்கு வந்த பிள்ளையை நம் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அதைச் சொன்ன தாய் தன் மகளின் வயதைச் சொல்லவில்லை. பிறகு கம்பெனியில் விசாரித்தவர்களிடம் அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அவ ஆத்தாளே சொல்லுதா, பெரிய மனுசின்னு." நீயும் அங்கேதான் இருந்தாய். நீயும் கேட்டாய்.

நீ இரண்டு போட்டோவையும் வாங்கி நம் பையில் வைத்தாய். திரும்பி வரும்போது வண்டியை ஓட்டியபடியே சொன்னாய்: "சன்னல் போட்டோலதான் புள்ள இருக்கு மாப்ள. இன்னொண்ணுல சேலைதான் இருக்கு." எனக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாள் மல்லாங்கிணற்றில் உரக்கடைச் சுவர் விளம்பரம் எழுதப் போனேன். எழுதி முடித்துத் திரும்பியபோது படம் காய்ந்துகொண்டிருந்தது. பட்டுச் சேலை. நெத்திச்சுட்டி. மூக்கின் இரு பக்கமும் வாய்வரை இறங்குகிற கோடு. போட்டோவில்கூட இல்லாத கோடு அது. பவுடர் மூடிய பிள்ளை முகத்துக்குள் நீயாக இழுத்தது. முன்பல் உடையவில்லை. வாயே திறக்கவில்லை.

"சன்னல் போட்டோ எங்க?"

"வண்டில வாரப்ப பறந்துருச்சு மாப்ள."

"பை என் மடியிலல்ல இருந்துச்சு?"

"பறந்துருச்சுன்னா பறந்துருச்சுலே!"

என்னை நீ ‘லே’ போட்டது அந்த ஒரு நாள்தான். நான் அதற்குமேல் கேட்டிருந்தால் அடித்திருப்பாய். கேட்கிறவனைப் பார்த்துக் கத்துகிறவன் எதையோ மறைக்கிறான் என்று அன்றே தோன்றியது.

அந்தப் படத்தைத்தான் கம்பெனி கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் போட்டது. பஸ் ஸ்டாண்ட் சுவரில், தியேட்டர் சுவரில், டீக்கடைத் தட்டியில் முத்துமாரி சேலையில் நின்றாள். சின்னப் பிள்ளையை வேலைக்கு வைத்தார்களா என்று விசாரிக்க வந்த அதிகாரிகள் காளியம்மா வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். மாலை போட்ட படம் தெரிந்தது. "இந்தப் பொண்ணா?" என்று கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவள் படித்த பள்ளிக்கூடம் அதே தெருவின் கோடியில் இருக்கிறது. அங்கே போய் ஒருவரும் வயதைக் கேட்கவில்லை. கேட்க விருப்பமில்லாதவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டும். அதை வரைந்து, கண்ணாடி போட்டு, நீ கொடுத்தாய்.

காளியம்மாவைப் பிறகு ஒருநாள் சந்தையில் பார்த்தேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். தாழ்ந்த குரலில்தான் கேட்டாள். "ஏந்தம்பி, வீட்டுல யாரோ ஒரு பொம்பள மாட்டியிருக்கா. மாலையும் அவுகளே போட்டுட்டுப் போயிட்டாக. எம்புள்ள படம் எப்பத் தருவீக?"

உன்னிடம் வந்து அப்படியே சொன்னேன். நீ தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தாய்.

இப்போது அந்த ஜன்னல் போட்டோ என் முன்னால் இருக்கிறது. அதன்மேல் பென்சிலில் நீ கட்டம் போட்டிருக்கிறாய். போட்டோவைப் பெரிதாக்கி வரைவதற்கு நாம் போடுகிற கட்டம். அப்படியென்றால் இதைத்தான் முதலில் எடுத்திருக்கிறாய். நெற்றியில் கட்டம் இருக்கிறது, கண்ணில் இருக்கிறது, மூக்கு வரை வந்திருக்கிறது. அதற்குக் கீழே இல்லை. கடைசிக் கோடு உடைந்த பல்லுக்குச் சற்று மேலே புறப்பட்டு, ஓரத்தைத் தொடாமல் நடுவிலேயே நிற்கிறது. டீ வந்து ஆறினாலும் கோட்டை முடித்துவிட்டுத்தான் கிளாசை எடுப்பாய் நீ. உன் கோட்டைப் பாதியில் நிறுத்தும்படி யார் வந்து நின்றார்கள்?

போர்மேனா? முதலாளி வீட்டு ஆளா? அந்த மாதம்தான் நம் கடைக்குப் பெயின்ட் பீச்சுகிற புது ஏர்பிரஷ் வந்தது. தவணையில் எடுத்தேன் என்றாய். தவணை கேட்டு ஒருவனும் வந்து நான் பார்த்ததில்லை. அந்த மாதம்தான் அதே கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த உன் தம்பியை வேலையை விட்டு நிறுத்தி, ஒரே வாரத்தில் திரும்பச் சேர்த்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். விலை போனாயா, மிரண்டு போனாயா? இரண்டும் ஒன்றல்ல. எனக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்றும் புரியவில்லை. இதை நீ அடுப்பில் போட்டிருக்கலாம். காளியம்மாவிடம் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஏன் உன் போட்டோக்களோடு சேர்த்து வைத்திருந்தாய்? நீ போன பிறகு இந்தக் கவர் என் கைக்குத்தான் வரும் என்று உனக்குத் தெரியுமா? தெரிந்தே வைத்திருந்தால், உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாமே.

மீதிக் கட்டத்தை இன்று மத்தியானம் நான் போட்டு முடித்தேன். நீ சொல்லிக்கொடுத்தபடிதான், பென்சிலை அழுத்தாமல். பல்லின் உடைந்த ஓரம் ஒரு கட்டத்துக்குள் சரியாக விழுகிறது. ரிப்பன் கலைந்த இடம்கூடத் தெளிவாக இருக்கிறது. இந்த வெளிச்சத்தில் வரைய முடியாது என்று எந்த ஓவியனும் சொல்ல மாட்டான். வரைந்து எம். புதுப்பட்டிக்கு எடுத்துப் போவேன். காளியம்மா பல்லைத் தடவிப் பார்ப்பாள். பிறகு கேட்பாள், "இந்தப் போட்டோ இம்புட்டு நாளா எங்கன இருந்துச்சு தம்பி?" என்று. அவளுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

உன் போட்டோக்கள் மேசையில் அப்படியே கிடக்கின்றன. எதிலும் வெளிச்சத்துக்குக் குறையில்லை. எதை வரைந்தாலும் உன் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் வளரப்போகிறார்கள். எந்த முகத்தை அவர்களுக்குக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொன்னால்தான் உண்டு. அந்தக் கோடு ஓரத்தைத் தொடுவதற்கு முன்னால் கடைக்குள் வந்தது யார்? பெயரைச் சொல்.