பேச்சாயி நடந்து வரும் வேகம்

ஜூன் 3, 2024

இல்லை, முகம் வேண்டாம். பெயரும் வேண்டாம். 'ஒட்டுப்பால்' என்று மட்டும் போட்டால் போதும்.

போலந்தில் என் பாட்டுகளைக் கேசட்டாக வெளியிடப்போகிறவருக்கு இப்படித்தான் பதில் எழுதினேன். அட்டையில் போடப் படம் கேட்டிருந்தார். என் படத்துக்குப் பதிலாகப் புகைக்கூடத்துச் சுவரின் படத்தை அனுப்பினேன். கரி படிந்த செங்கல். ஏதோ பாழடைந்த மாதா கோயில் என்று நினைத்துக்கொண்டார். திருத்தவில்லை.

ஒட்டுப்பால் என்றால் என்ன என்று அவர் கேட்கவும் இல்லை. ரப்பர்ப் பால் எடுத்த பிறகு மரத்திலும் கோப்பையிலும் காய்ந்து ஒட்டிக் கிடப்பது. அம்மா இருந்தவரை அதை உரித்துச் சாக்கில் போடுவார். நாறும். நான் செய்யும் இருட்டு இசைக்கு வேறு பெயர் தோன்றியதே இல்லை.

ஜூன் 4

மழை. கீழே கோப்பிக்கடையில் நாற்காலிகளை உள்ளே இழுக்கும் சத்தம். ஜன்னலிலிருந்து பதிவு செய்தேன். கீழே இறங்கவில்லை.

ஜூன் 17

எங்கள் பழைய தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான ஆயர் தாவாரிலிருந்து ஒரு செய்தி. தினேஸ்வரி என்று பெயர். பல் கிளினிக்கில் வேலையாம். அப்படியே எழுதிவைக்கிறேன்:

"வணக்கம். அண்ணனா அக்காவான்னு தெரியல, மன்னிக்கணும். நீங்க நெட்ல போட்ட 'புகைக்கூடம்' பாட்ட சமைக்கறப்ப ஸ்பீக்கர்ல ஓட விட்டேன். அம்மா வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தாங்க. சாமி வந்துருச்சி. எங்க கோயில ஒடச்சி வேற எடத்துக்குக் கொண்டாந்ததுலேருந்து அவங்களுக்கு வந்ததே இல்ல. அது எங்க பேச்சாயி கோயில் உறுமி அடி. வெளியாளுக்குத் தெரியாது. நீங்க யாரு?"

எழுந்துபோய்க் கதவு தாழிட்டிருக்கிறதா என்று பார்த்தேன்.

ஜூன் 18

எங்கே தவறினேன்?

அந்தப் பாட்டில் குரல் இல்லை. சொல் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு என்று சொல்லித் ரப்பர் தோட்டத்தைவிட்டுக் கிளம்பிய அன்று, காலியாகக் கிடந்த புகைக்கூடத்துக்குள் போனேன். ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு உலர்த்திய கூடம். உள்ளே நின்று உறுமியை ஒருமுறை அடித்தேன். போனில் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

பல வருடம் கழித்து அதை நாலில் ஒரு பங்கு வேகத்துக்கு இழுத்தேன். வளைந்த குச்சி தோலில் உரசும் முனகல் ஆர்கன் போல ஆயிற்று. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே ஓர் ஆள் அறையைக் கடந்துவிடலாம். அதைத் தாளமாக யாரும் கேட்கமுடியாது என்றிருந்தேன்.

அங்கே எல்லோரும் என்னை ஆணாகத்தான் அறிவார்கள். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். முகத்தை மறைத்தேன். குரலை மறைத்தேன். பட வசனங்களுக்குத் துணைவரி எழுதும் வேலையைக்கூட, யாரும் என்னைப் பார்க்கவேண்டாம் என்றுதான் எடுத்தேன்.

கையை மறைக்கத் தோன்றவில்லை.

ஜூன் 19

பயமா இது? பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்று.

சிலியிலிருந்து ஒருவர் அதே பாட்டைக் கேட்டு அழுததாக எழுதியிருந்தார். மகிழ்ந்தேன். இது அது இல்லை. நான் மனிதர்கள் கேட்பதற்காகத்தான் செய்தேன், சாமி கேட்பதற்காக இல்லை.

ஜூன் 21

பதில் அனுப்பினேன். ஒரே சொல்: "அக்கா."

உடனே வந்தது: "சரிக்கா. ஆடி பூசைக்கு வந்து அடிக்கிறீங்களா?"

வேறு எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 2

தினேஸ்வரி கூப்பிட்டாள். எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன்?

அவள் அம்மா செல்லாயி. பெயரைச் சொன்னதும் புரிந்துவிட்டது. ஆடியில் சாமி வந்து அவர் கூந்தல் அவிழும்போது பக்கத்தில் ஒலித்தது பெரும்பாலும் என் உறுமி. என் பன்னிரண்டு வயதிலிருந்து.

"அம்மா கண்டுபுடிச்சிட்டாங்களா, நான் யாருன்னு?"

"கேட்டேன்கா. சொல்ல மாட்டேங்குறாங்க. வரச் சொல்லு, அவ்ளோதான் சொல்றாங்க."

பிறகு அவளே பேசினாள். "வருஷா வருஷம் மேளம் வருது. யுகேந்திரன் அண்ணே செட்டு. நல்லாத்தான் அடிக்கிறாங்க. அம்மா மஞ்சப் பொடவ கட்டிக்கிட்டு நிப்பாங்க. ஒண்ணும் வராது. அப்பறம் போயி சட்டி கழுவுவாங்க. கல்லத் தூக்கிட்டு வந்துட்டோம், அவ வரலன்னு சொல்லுவாங்க."

யுகேந்திரன்.

கோயில் மேளத்தில் அவன் இடப்பக்கம் நின்று வளர்ந்தேன். அவனிடம்கூடச் சொல்லாமல் போனேன். அவன் வாயில் வரக்கூடிய சொற்களை ஒவ்வொன்றாக எனக்கே சொல்லிப் பார்த்தேன். பழகிவிடுமா என்று.

பழகவில்லை.

ஜூலை 15

அலமாரி மேலிருந்து உறுமியை இறக்கினேன். தோல் தொய்ந்துபோயிருக்கிறது. ஜன்னலோரம் வெயிலில் வைத்து, கயிறுகளை இழுத்துக் கட்டினேன். உரசிப் பார்க்கவில்லை.

ஜூலை 22

போகமாட்டேன்.

ஜூலை 29

என்ன உடுத்துவது? — சிரிப்பு வருகிறது. என்னிடம் கறுப்பைத் தவிர ஒன்றுமில்லை. மஞ்சளில் ஒரு பஞ்சாபி சூட்டுக்கு ஆன்லைனில் சொல்லியிருக்கிறேன். அப்படியானால் போகிறேனா?

ஆகஸ்ட் 3

நாளை. லூமுட் போகிற பஸ், ஆயர் தாவாரில் இறங்கவேண்டும். உறுமியைப் போர்வையில் சுற்றினேன், குழந்தையைப் போல. இல்லை. உறுமியைப் போல.

ஆகஸ்ட் 5

நேற்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதவேண்டும். அலங்கரிக்கக் கூடாது.

ஆயர் தாவாரில் தினேஸ்வரி தன் மைவி காரோடு நின்றாள். ஏற இறங்கப் பார்த்தாள். "இவ்ளோ ஒயரமாக்கா நீங்க? பின்னாடி உக்காருங்க, முன்னாடி கால் முட்டும்." என்னைப் பற்றி அவள் சொன்னது அவ்வளவுதான்.

தாமான் குடியிருப்பு முடிந்து செம்பனைத் தோட்டம் தொடங்கும் இடத்தில் ஒரு தகரக் கூரை. அதன் கீழ் பேச்சாயி கல். பழைய கோயில் இருந்த இடம் செம்பனைக்கு அப்பால்; இப்போது அங்கே மாடி வீடுகள்.

உச்சி வெயில். மேளக்காரர்கள் ஒரே மாதிரிச் சட்டையில். யுகேந்திரனுக்குத் தொப்பை விழுந்திருந்தது. போர்வையைப் பிரித்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தான். வெகுநேரம்.

"குச்சிய இன்னும் தப்பாத்தான் புடிக்கற."

குச்சியை மாற்றிப் பிடித்தேன்.

"ஒன்ன என்னான்னு கூப்புடறது?"

"நவமணி." அந்தப் பெயரைத் தோட்டத்து ஆள் ஒருவரிடம் முதல் தடவையாகச் சொன்னேன்.

"நவமணியா. என் சின்னம்மா பேரு லா அது." கொஞ்சம் யோசித்தான். "அது கடன்காரி. நீ எப்படியோ."

பையன்களில் ஒருவன் சிரித்தான், அந்த நகைச்சுவைக்கு இல்லை. யுகேந்திரன் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

தொடங்கினோம். பழைய வேகம். கை மறக்கவில்லை, கை எதையும் மறப்பதில்லை போலும். செல்லாயி மஞ்சள் புடவையில், வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் மூடியிருந்தது. அடித்தோம். வியர்த்தது. ஒன்றுமில்லை. அவர் கண்ணைத் திறந்து, மீன்காரனிடம் பேசுவதுபோலச் சொன்னார்:

"இது இல்ல லா. அந்தப் பாட்டுல உள்ளது."

"மெதுவாவா, அத்த?" என்று கேட்டேன்.

"மெதுவா."

மேளம் ஓய்ந்தது. நான் மட்டும்.

அந்த வேகத்தை என் கை செய்ததே இல்லை. கணினி செய்தது. ஒரு முனகலை மூச்சு தீரும்வரை இழுக்கவேண்டும். ஓர் அடி. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேகமாக அடித்தால் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். இதில் ஒளிய இடமே இல்லை. தோள், தாடை, மஞ்சள் துணி, பெரிய கைகள், எல்லாம் வெயிலில். ஓடிவிடலாமா? அடுத்த அடி. காத்திருத்தல். அடுத்தது.

எப்போது என்று தெரியவில்லை, என் முனகல் முடியும் இடத்தில் இன்னொரு முனகல் தொடங்கியது. யுகேந்திரன். இடைவெளியைப் புரிந்துகொண்டான்.

முதலில் செல்லாயியின் வலது பாதம். பிறகு இடது. ஓர் அடிக்கு ஓர் எட்டு. ஆட்டம் இல்லை, அலறல் இல்லை. நடை. வெகு தூரத்திலிருந்து, செம்பனையைக் கடந்து, தார்ச்சாலையைக் கடந்து வருகிற ஒருத்தியின் நடை. கூந்தல் தானாக அவிழ்ந்தது. கல்லின் முன்னால் போய் நின்று திரும்பியபோது அந்த முகம் செல்லாயியுடையது இல்லை.

தினேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் கை தானாக இழுத்துக்கொண்டிருந்தது. நான் அறையில் தனியாக உட்கார்ந்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, யாருக்காகவும் இல்லாமல் நீட்டிய அந்த நீளம் — அதன் மேல் ஒருத்தி நடந்து வந்து சேர்ந்துவிட்டாள்.

வரிசையாகத் திருநீறு வைத்தாள். என் முன்னும் வந்தாள். அவள் கட்டைவிரல் என் நெற்றியில் சுட்டது. ஏதாவது சொல்வாள் என்று உடம்பெல்லாம் காத்திருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு வைத்ததுபோலவே வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனாள்.

சாப்பாட்டில் செல்லாயி பழைய செல்லாயியாக என் எதிரே உட்கார்ந்தார். எனக்குக் குழம்பு போதாது என்று மகளை ஏசினார். ஏன் மெதுவாக என்று கேட்டேன்.

"அங்கேருந்து இங்க நடந்துல்ல வரணும்? இவனுங்க அடிச்சி முடிச்சி வேனுல ஏறிடறானுங்க. அவ வந்து சேர வேணாமா?" அப்பளத்தை நொறுக்கினார். "அவளுக்கும் வயசாயிருச்சி லா."

பஸ் வரும்வரை யுகேந்திரன் நின்றான்.

"அடுத்த ஆடிக்கு வாரியா, நவமணி?"

"வாரேன்."

ஆகஸ்ட் 6

நம்புகிறேனா? தெரியவில்லை. விரல்கள் வீங்கியிருக்கின்றன. நெற்றியைக் கழுவவில்லை.

ஆகஸ்ட் 8

போலந்துக்கு எழுதினேன். அது மாதா கோயில் இல்லை, ரப்பர் உலர்த்திய இடம். முகம் இப்போதும் வேண்டாம். ஆனால் அட்டையின் பின்புறம் ஒரு வரி சேர்க்கவேண்டும்: உறுமி — நவமணி, பேச்சாயி கோயில் மேளம்.

அனுப்பிவிட்டு, கோப்பி குடிக்கக் கீழே இறங்கினேன்.