படையைத் திருப்பிய வண்டிக்காரன் சொல்

நன்று ஓங்குக. முத்துக்குடை நிழலில் வீற்றிருந்து, குடிகளைப் பெற்ற பிள்ளைகளாய்ப் பேணி, நீர்முளை நாட்டை ஆளும் அரசியார் உலகநங்கையாரின் திருமுன்பு, வேங்கைநாட்டு வேந்தர் அரிவிடங்கரின் முதலமைச்சர் பொறையனார் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் நிறைக, ஆனிரை பெருகுக, தங்கள் கோட்டைக் கதவுகள் விருந்தினர்க்கே திறக்க.

செங்கால் ஆற்றின் இக்கரையில் ஏழு நாள் கூடாரமிட்டு நின்ற எங்கள் படை, நேற்று நண்பகலில் திடீரென எழுந்து போனதைக் கண்டு, இது என்ன சூழ்ச்சியோ என்று தாங்கள் ஐயுறக்கூடும். சூழ்ச்சி ஒன்றுமில்லை. நடந்ததை ஒளிக்காமல் எழுதுமாறு வேந்தர் பணித்ததால், வெட்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பொறையனார் எழுத்தாணி எடுத்திருக்கிறார்.

எங்கள் அரண்மனைத் தொழுவத்துப் பசுக்கள் முந்நூறையும் தங்கள் வீரர் கவர்ந்தனர் என்று நம்பியே படை புறப்பட்டது. பசுக்களோ, தொழுவ வாயிலின் படலைச் சரியாகக் கட்டாததால் தாமே வெளியேறி, மூங்கில் காட்டுக்குள் வயிறு புடைக்க மேய்ந்துகொண்டிருந்தன. படை கரையில் இறங்கிய நான்காம் நாள் அவை அகப்பட்டன. வேந்தர் அப்போதே படையை அழைத்துவிட எண்ணினார். அங்கேதான் வினை வந்தது.

எங்கள் நாட்டில் அரச ஆணை எந்தச் சொல்லால் செல்ல வேண்டும் என்று சொல்லவைப் புலவர் ஐவரும் ஒருமித்துக் கூறிய பின்பே எழுத்தாணி ஓலையைத் தொடும். படை முன்னேறுவதற்கு அவர்கள் சுவடியில் ஒன்பது சொற்கள் இருந்தன. போரிடாமல் ஊருக்கு வருவதற்கு ஒன்றுகூட இல்லை. எங்கள் முன்னோர்க்கு அது தேவைப்பட்டதில்லையாம். மீள்தல் என்பது தோற்றவனுக்கு உரியது என்றார் ஒருவர். பின்வாங்கல் மிரண்ட யானைக்கே பொருந்தும் என்றார் மற்றொருவர். வேந்தர் மனம் மாறினார் என்று எழுதலாமா எனப் பொறையனார் கேட்டதற்கு, மலையே மாறினாலும் அப்படி எழுதுவது அடாது என்று ஐவரும் ஒரே குரலில் சீறினர். அந்த ஒருமிப்பு வேறு எதிலும் வரவில்லை. இப்படியே இரண்டு நாள் கழிந்தது. ஏழாம் நாள் நண்பகலில் ஆற்றைக் கடக்குமாறு படைத்தலைவர் எயினனார்க்கு முன்னமே ஆணை போயிருந்தது.

எதிர்க்கரையின் முதல் ஊராகிய கரைவாயிலில்தான் பொறையனாரின் ஒரே மகள் சேந்தி வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். படை கடந்தால் முதலில் எரியும் ஊர் அதுவே. அவையில் அதைச் சொன்னால், மகளுக்காக நாட்டின் மானத்தை விற்கிறார் என்பார்களே என்று அவர் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். சோறு இறங்கவில்லை. புலவர்கள் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து உரசிப் பார்த்துக் கீழே வைக்கும்போதெல்லாம் அவர் எஞ்சிய நாழிகைகளை விரல்விட்டு எண்ணினார்.

ஏழாம் நாள் விடிந்ததும், படைக்கு அரிசி ஏற்றிச் சென்ற வண்டிக்காரன் சடையாண்டியைக் காவலர் பிடித்துவந்து அவையில் நிறுத்தினர். பாதி வழியிலிருந்து தானாகவே ஊர்ப்பக்கம் வந்துவிட்டான் என்பது குற்றம். வேந்தர் காரணம் வினவினார். அவன் உரைத்ததை ஓர் எழுத்தும் மாற்றாமல் இங்கே எழுதுகிறோம்: "மாடு கெடச்சிருச்சுன்னாக சாமி. பெறகு நா எதுக்கு அம்புட்டுத் தூரம் போவணும்? வண்டியத் திருப்பிட்டேன்."

அப்படித் திருப்பியதில் அவனுக்கு நாணம் இல்லையா என்று மூத்த புலவர் கேட்டார். அவன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதுல என்னங்கய்யா வெக்கம்? போயிருந்தாத்தான் வண்டிமாடு ரெண்டும் சும்மா செத்திருக்கும்" என்றான்.

வேந்தர் சிரித்தார். பல நாளாகக் கேட்காத சிரிப்பு அது. வண்டியைத் திருப்பினேன் என்றானே, அந்தச் சொல்லையே எழுதுக என்று ஆணையிட்டார். சொல்லவை இன்னும் கூடவில்லை என்று ஒருவர் முனகியது யார் காதிலும் விழவில்லை. பசுக்கள் கிடைத்தன, நாம் எண்ணியது பிழை, படையைத் திருப்புக என்று பொறையனார் அங்கேயே கீறிக் கொடுத்த ஓலை, குதிரையேறிப் பறந்தது.

அது சேர்ந்தபோது முதல் வரிசை வீரர் இடுப்பளவு நீரில் நின்றனர். திரும்புவதற்கு முரசில் தாளம் இல்லாததால் முரசறைவோன் திருதிருவென விழித்தான். எண்ணாயிரம் வீரரும் அவனுக்காகக் காத்திராமல், ஒருவர் தோளை ஒருவர் தட்டிச் சிரித்துக்கொண்டே கரையேறினர். செய்தி அரண்மனைக்கு வந்தபோது பொறையனார் அவை நடுவே அழுதார். பின்பு மூன்று முறை சோறு கேட்டு உண்டார்.

சடையாண்டியின் சொல் சுவடியில் பத்தாவதாக ஏறியது. தங்கள் குடிகளுக்கு நேர்ந்த அச்சத்துக்கு வேந்தர் வருந்துகிறார். அந்த முந்நூற்றில் கன்றுடன் கூடிய பசுக்கள் முப்பது தங்கள் தொழுவத்துக்கு வருகின்றன. படலை இறுகக் கட்டுமாறு வேண்டுகிறோம்.

வேங்கைப்பூ இலச்சினை இட்டோம். ஞாயிறும் செங்கால் ஆறும் உள்ளளவும் இந்த நட்பு நிற்க.

தங்கள் துறைக்காவலர்க்கு அரசியார் இட வேண்டிய கட்டளை ஒன்று உண்டு: வரும் வெள்ளிக்கிழமை காலை, வேங்கைநாட்டுக் கரையிலிருந்து ஒற்றைப் படகில், வளையல் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கிழவர் வருவார். அவர் ஒற்றர் அல்லர், சேந்தியின் தகப்பன். தடுக்க வேண்டாம்.